பாலமதிக்கு ஏறிய ஞாயிறு

ஓட்டேரி தாண்டியதும் ஏற்றம்.
மைத்தி ஒவ்வொரு வளைவிலும் நின்று
பாறையில் கைவைத்துப் பார்த்தார்:
விடிந்தும் ஆறாத நேற்றைய வெயில்.

தீகா கடற்கரைக்காரர். மூன்று வாரமாக
எங்கள் லாட்ஜில் பதினோராம் நம்பர்.
மனைவிக்கு நாளை ஆபரேஷன்.

சீத்தாப்பழம் ஒன்று பறித்துக் கொடுத்தேன்.
விதைகளைத் துப்பாமல்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உச்சியில் காற்று
லுங்கியைப் பிடுங்கியது.
கீழே கோட்டை, ஒரு சோப்புப் பெட்டி.
ஆஸ்பத்திரி எது என்று கேட்டவர்
நான் காட்டிய பக்கம் பார்க்கவில்லை.

வடக்கே
நீளமாக வெளுத்துக் கிடந்ததைக் காட்டி
“சமுந்தர்?” என்றார்.

பாலாறு. வெறும் மணல்.
தண்ணீர் போய் எத்தனை வருஷம் என்பதற்கு
என்னிடமிருந்த இந்தி போதவில்லை.

ஆமாம் என்றேன்.

குனிந்து
செருப்பைக் கழற்றினார்.