தண்ணீரின் வேகத்தில்

கட்டுப் பிரித்துப் பதினெட்டாம் நாள்.
சமதரையில், மெதுவாக, நடுவில் நின்று நின்று நடக்கவும்
என்று ஜிப்மரில் எழுதித் தந்திருந்தார்கள்.
மின்துறையில் என் எதிர்மேசைக்காரி ஆரோக்கியமேரி
வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனாள்.

சொர்ணாவூரிலிருந்து வந்த தண்ணீர்
மூன்றாம் மதகில் இரண்டு நாளாய்க் காத்திருந்தது.
ஏழரைக்கு லஸ்கர் பாவாடைசாமி ஷட்டரைத் தூக்கினார்.
சுற்றுகளை எண்ணிக்கொண்டே திருகினார்.
இடையில் பேசினால் கோபம்.

நான் நினைத்தது வெள்ளம்.
வந்தது ஒரு நாக்கு.
விரல்கடை உயரம், விளிம்பில் நுரை,
முன்னால் சருகு, நசுங்கிய தீப்பெட்டி,
ஒற்றை நீலச் செருப்பு.
பங்காரு வாய்க்கால்,
பெயரில்தான் பொன். நிறம் டீ.
காய்ந்த தரையைத் தடவித் தடவி
எங்களைவிட ஒரு தப்படி முன்னால் போயிற்று.

வெடிப்பு வந்தால் தண்ணீர் நிற்கும்.
உள்ளே இறங்கி, குமிழ் விட்டு,
நிரம்பிய பிறகே மேலே வரும்.
நாங்களும் நிற்போம்.
முட்டி வலிக்கிறது என்று
நான் ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு
நெய்வேலிக் காட்டாமணக்கில் ஏறின,
வாடகைவீடு மாற்றுகிறவர்களின் அவசரத்தோடு.
ஒரு வாலாட்டிக் குருவி
நாக்கின் நுனியிலேயே நடந்து
தப்பி ஓடியவற்றையெல்லாம் தின்றது.

நடுவில் தமிழ்நாடு ஒருமுறை வந்து போனது.
பனைகள் சொல்லவில்லை.
சாராயக்கடையின் அம்புக்குறி சொல்லிற்று.
தண்ணீர் ஒரு சாணியைச் சுற்றிக்கொண்டு
அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது.

புளியமரத்தடியில் எலுமிச்சைச் சாதம்.
கை கழுவத் தண்ணீர் கொண்டுவரவில்லை.
காத்திருந்தோம்.
பதினோரு நிமிடத்தில் வந்தது,
கலங்கலாய், வைக்கோல் வாசனையோடு.
“இம்மாந்தூரம் நடந்து வந்து
நமக்குக் கை அலம்பிவுடுதுடி” என்றாள் மேரி.

மூன்று மணிக்கு ஒரு பள்ளம்.
யாரோ வண்டி வண்டியாய் மண் அள்ளிய இடம்.
தண்ணீர் உள்ளே விழுந்தது.
சுற்றிற்று.
உட்கார்ந்தது.
அரை மணி நேரம். ஒரு மணி நேரம்.
மட்டம் ஏறுகிறதா என்று பார்க்க
ஒரு குச்சியை நட்டேன்.
குச்சிதான் சாய்ந்தது.
ஐந்து நாற்பதுக்குப் பேருந்து. மேரியின் மகனுக்கு டியூஷன்.

அதைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு
வெறும் வாய்க்காலோடு நடந்தோம்.
அப்போதுதான் முட்டி வலித்தது.

பாகூர் ஏரி வாயில் நாலைந்து பேர்,
தாம்பாளத்தில் மஞ்சள், சாமந்தி, கற்பூரம்.
“வந்துடுச்சா?”
“வருது, பின்னால” என்றேன்,
கடையில் ஏதோ வாங்க நின்றுவிட்ட
சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

ராத்திரி, முட்டியில் ஐஸ்கட்டியோடு
பாவாடைசாமிக்குப் போன் போட்டேன்.
“ஒம்போதே காலுக்கு விழுந்துச்சும்மா.
கற்பூரம் வச்சிருந்தவங்கள்லாம் போயிட்டாங்க.
நானும் கொசுவுக்கு லுங்கிய மூஞ்சி வரைக்கும் போத்திட்டேன்.
சத்தந்தான் கேட்டேன்.”

நீலச் செருப்பு ஒன்று வந்ததா என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் தவளைகள் மட்டும்.
பிறகு,
“டார்ச் அடிச்சிப் பாக்கட்டுமா?” என்றார்.