பதினான்காம் ஓடு

பௌர்ணமி கழிந்து ஆறாம் இரவு.
குராசவோவின் கரையோரக் கறுத்த நீரில்
மூளைப்பவளம் கருமுத்துகளை அவிழ்த்து விட்டது.
ஈர உடுப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல்
வலைக்கூம்பின் உச்சியிலிருந்த குப்பியை
என்னிடம் நீட்டினான் ருட்செல்.
"குலுக்காதே மிரெல்வா,
இதற்குள்தான் இருக்கிறது அடுத்த வருஷம் முழுக்க."

மூன்று நாள் தூக்கம் என்று எதுவும் இல்லை.
செத்த முட்டை தண்ணீரைக் கெடுத்துவிடும்,
மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.
பிழைத்தவை மெல்ல நீள்கின்றன,
அரிசிக் குருணையில் கால்வாசி.
உடம்பெல்லாம் மயிர், கண் கிடையாது,
முன்பக்கம் எது என்பதில்
அவற்றுக்கே ஒரு சந்தேகம்.

ஓடுகள் முப்பது.
சுட்ட மண், சிமெண்ட், சுண்ணாம்புக்கல்.
வழுவழுப்பு, சொரசொரப்பு,
மில்லிமீட்டர் கணக்கில் அறுத்த பள்ளம்.
இரண்டு மாதம் கடலில் ஊறி
இளஞ்சிவப்பாய்ப் பாசி ஏறியவை.
வீட்டைக் கட்டிவிட்டோம்,
குடிவருகிறவரின் பாஷை தெரியாது.

வந்தன.
தொட்டன, சுழன்றன,
விரலில்லாமல் தடவிப் பார்த்தன.
குழாயைத் திறந்து பார்த்து
ஜன்னலைத் தட்டிப் பார்த்து
'சொல்லி அனுப்புகிறோம்' என்று
படியிறங்குகிறவர்களைப் போலப் போய்விட்டன.
கோபமில்லை எனக்கு.
ஒட்டினால் ஒட்டியதுதான்,
நூற்றாண்டுகளுக்கு ஒரே முகவரி.
காலில்லாதது காலூன்றுவதற்கு
யோசிக்கத்தான் செய்யும்.

ஐந்தாம் நாள் விளக்கை அணைத்து
நீல ஒளியில், மஞ்சள் கண்ணாடி வழியே எண்ணினோம்.
அளந்து அறுத்த பள்ளங்களில்
பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, பூஜ்யம்.

பதினான்காம் ஓட்டின் எண்ணை
நான்தான் ஆணியால் கிறுக்கியிருந்தேன்,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஒரு மதியம்.
அந்த நான்கின் மடிப்புக்குள்
பதினொரு பச்சைப் புள்ளிகள்
மினுங்கிக்கொண்டிருந்தன.

விதி தெளிவானது:
எண் பொறித்த இடம் கணக்கில் சேராது.
ருட்செல் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
கட்டத்தில் பூஜ்யம் போட்டான்.
"அடுத்த தடவை எண்ணைப் பின்பக்கம் போடு."
அவன் சொல்வது சரிதான்.
ஓரத்தில் பென்சிலால் நான் எழுதினேன்:
கோணல், ஆழம் சீராக இல்லை, பதினொன்று.

ஒன்பது மீட்டர் ஆழத்தில்
முப்பதையும் பாறையில் திருகிவிட்டு வந்தோம்.
திரும்பிப் பார்த்தபோது ஒரு கிளிமீன்
ஏதோ ஓர் ஓட்டின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தது.
எந்த எண் என்று தெரியவில்லை,
நீர் கலங்கியிருந்தது.

மறு செப்டம்பருக்கான ஓடுகள்
என் மேசையில் அடுக்கியிருக்கின்றன, வெறுமையாய்.
பக்கத்தில் அதே ஆணி.
கவனமாகக் கீறினால் அந்தக் கோணல் வருவதில்லை.
உடைந்த சில்லு ஒன்றில்
நேற்றிலிருந்து நான்கு போட்டுப் பழகுகிறேன்,
பஸ்ஸைத் தவறவிடப் போகிறவளைப் போல.