கட்டைவிரல்

திருநீற்றுப் புதன் காலை
சுவாமியார் தன் கட்டைவிரலைச் சாம்பலில் தோய்த்து
என் நெற்றியில் சிலுவை கீறினார்.
துகள் கொஞ்சம் மூக்கில் உதிர்ந்தது.
தும்மினேன்.
அதோடு தொடங்கியது இந்த வருடத் தபசு.

ஒவ்வொரு வருடமும் பெரிதாகத்தான் கேட்பேன்.
என்னை மாற்றும், ஆண்டவரே,
வேரோடு மாற்றும்,
முடிந்தால் ஒரே இரவில்.
கேட்கும்போது கண்ணீர் வரும்.
அந்தக் கண்ணீரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்று நாள் தியானம்.
மன்னாரிலிருந்து வந்த சுவாமியார்
மைக்கை வாயோடு ஒட்டிவைத்து உருகினார்.
"உள்ளுக்கு ஒரு கதவு இருக்கு,
சாவி உங்களிட்டைத்தான்."
நான் அழுதேன். பக்கத்துக் கதிரையில் றெஜினோல்டும் அழுதான்.
வீட்டுக்கு வந்து
புட்டு ஆறிப்போனதற்கு
மனிசியிடம் கத்தினேன்.
அவள் கோபிக்கவில்லை.
"சாவியைத் துலைச்சுப்போட்டீங்களோ?" என்றாள்.

பாசையூர்ச் சந்தையில்
பதினெட்டு வருடமாக மீன் நிறுக்கிறேன்.
விடிய நாலரைக்குப் படகுகள் வரும்.
என் கட்டைவிரலுக்கு வேலை தெரியும்:
வாங்கும்போது தட்டைக் கீழிருந்து தாங்கும்,
விற்கும்போது மேலிருந்து அமத்தும்.
நான் ஏவுவதில்லை.
நூறு கிராம், சிலநேரம் நூற்றைம்பது.
முதலாளி ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை,
ஒருநாளும் வேண்டாமென்றதுமில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொல்வேன்,
குடித்ததைச் சொல்வேன்,
பூசைக்குப் போகாத ஞாயிறுகளை எண்ணிச் சொல்வேன்.
விரலைச் சொன்னதில்லை.
மறைத்தேன் என்றில்லை.
அது நானென்று தெரியாது.

நாலாம் ஞாயிறு
நற்செய்திக்கு எழும்பி
நெற்றியில், உதட்டில், நெஞ்சில்
சின்னச் சிலுவை போட்டேன்.
கை இறங்கும்போது மூக்கில் அடித்தது
மீன் வாசம்.
சவுக்காரம் போட்டு இரண்டுதரம் கழுவிய கை.
அன்றைக்கு என்ன வாசித்தார்கள் என்று கேட்காதீர்கள்.
நான் விரலைப் பார்த்தபடி நின்றேன்.
நகத்தடியில் ஒரு சூடைச் செதில்,
வெள்ளியாய்.

திங்கள் விடிய
பவுலீனம்மா பெட்டியோடு வந்தாள்,
அரியாலையில் வீடுவீடாக விற்பவள்.
நாலு கிலோ ஓரா.
விரலைத் தூக்கினேன்.
சிவப்பு இலக்கம்
மூன்று எண்பத்தெட்டுக்கு இறங்கியது.
இன்னொரு மீனை எடுத்துப் போட்டேன்.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
"ஏன் தம்பி, மீன் பழுதோ?"

வானம் பிளக்கவில்லை.
பத்து மணிக்குக் கணக்கில் துண்டு விழுந்தது.
முதலாளி இரண்டுதரம் கூட்டிப் பார்த்தார்.
செவ்வாய்
விரல் தன்பாட்டில் தட்டுக்குத் திரும்பியிருந்தது.
புதன் தூக்கினேன். வியாழன் மறந்தேன்.
வெள்ளி, தெரிந்துகொண்டே அமத்தினேன்:
மகளின் டியூசன் காசு.
இப்படியே ஒரு கிழமை, பிறகு இன்னொரு கிழமை.

பெரிய வெளிச்சம் கேட்டவனுக்கு
ஒரு விரல் அகலம்தான் தருவீரோ?
அதையும் என்னால் முழுதாய்ப் பிடிக்க முடியவில்லை.

முன்பு அது எங்கே இருக்கிறதென்றே தெரியாது.
இப்போது தெரிகிறது.
பூசையில் தெரிகிறது, சோறு பிசையும்போது தெரிகிறது,
நடுச்சாமத்தில்
தலையணைக்கடியில் கிடந்து தெரிகிறது.

இன்று பெரிய சனி.
இரவு திரி பிடிக்க வேண்டிய கை.
விடிய, நிறுவைக்கு முன்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையோடு சாரக்கட்டுக்குள் செருகிக்கொண்டேன்.
ஒற்றைக் கையால் மீன் அள்ளுவது பெரும்பாடு.
இரண்டு ஓரா சேற்றில் வழுக்கி விழுந்தன.
பவுலீனம்மா சிரித்தாள்.
"கையிலை என்ன, காயமோ?"
ஓம் என்றேன்.
"உப்புத்தண்ணி படவிடு. எரியும்.
மெல்ல மெல்லத்தான் மாறும்"
என்றபடி
விழுந்த மீனை எடுத்து
செவுளை ஒருக்கால் விரித்துப் பார்த்துவிட்டு
பெட்டிக்குள் போட்டாள்.