வாடைப் பக்கம்

ஓடாவி குணநாயகம் ஏணியால் இறங்கிக்
கையைத் தட்டினார். துரு பறந்தது.
"கைமரம் நாலு உக்கிப் போச்சு, தங்கச்சி.
தகரத்தைச் சொல்லவே தேவையில்லை.
ஒரு பேப்பர் தாங்கோ."

லக்சிகாவின் கணக்குக் கொப்பியில்
கடைசித் தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.
பெருக்கி, கூட்டி,
காதில் பென்சிலைச் செருகும்வரை
ஒருவரும் மூச்சுவிடவில்லை.

மரத்துக்கு ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம்.
பன்னிரண்டடித் தகரம் இருபத்திரண்டு,
ஒன்று ஆறாயிரத்து ஐந்நூறு.
அவருக்கும் கையாளுக்கும் ஆறு நாள் கூலி நாற்பத்தையாயிரம்.
முகட்டுத் தகரம், பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.
மாங்குளத்திலிருந்து லொறி, எண்ணாயிரம்.

"ஓடு போட்டால் என்ன?" என்றார் தவசீலன்.
ஓடாவி பதில் சொல்லாமல்
பாலை மரத்தைக் காட்டினார்.
பதினேழு குரங்குகள்
எங்கள் பேச்சைக் கேட்டபடி இருந்தன.
பக்கத்து வளவில் போன வருசம் ஓடு போட்டவை
இப்ப ஓட்டுக்கு மேலே
தறப்பாள் விரிச்சிருக்கினம்.

மூன்று லட்சத்து எண்பதாயிரத்து எண்ணூறு.

இந்தத் தகரத்தில் பன்னிரண்டு
திரும்பி வந்த வருசம்
வரிசையில் நின்று கையெழுத்து வைத்து வாங்கியது.
சைக்கிளில் மூன்று நடை.
பிறகு வீட்டுத்திட்டம் வந்து சுவர் எழும்பியது.
கடைசிக் கட்டக் காசு வரவில்லை.
கொட்டிலுக்கு மேலே இருந்தது
அப்படியே சுவருக்கு மேலே ஏறிக்கொண்டது,
கடனுக்கு வாங்கிய பத்தோடு.

மத்தியானத்தில் படுத்தால்
நிலமெல்லாம் வெளிச்சக் காசு.
ஒருநாள் எண்ணினேன், நாற்பத்தொன்று.
ஒன்றையும் மாற்ற ஏலாது.

கையில் இருப்பது:
புஸ்பராணி அக்காவின் சீட்டு
கழிவு போக எண்பத்தாறாயிரம்.
நெல் வித்து, உரக்கடைக்குக் கட்டி,
மிஞ்சியது ஐம்பத்துநாலு.
வங்கிப் புத்தகத்தில் முப்பத்தொன்றரை.
சங்கிலி ஏற்கெனவே அடைவில்,
அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.
லோன்காரப் பெடியன் படலைக்கு வந்து
"அக்கா, ஒரு கையெழுத்துத்தானே" என்றான்.
அந்தக் கையெழுத்தைப் போட்ட வீடுகளில்
கிழமைக்கொரு நாள்
ஆட்கள் பின்பக்கத்தால் போவதை நான் அறிவேன்.

"பாதியை இப்ப போடுவம்" என்றார் தவசீலன்.
"வாடைப் பக்கத்தை. கார்த்திகை மழை
அந்தப் பக்கத்தாலதானே அடிக்கிறது.
மற்றப் பக்கம் அடுத்த போகத்துக்கு."

நல்ல யோசனைதான்.
மரத்தைப் பாதியாக்கினேன். தகரத்தை, கூலியை.
முகட்டுக்கு வந்ததும் பென்சில் நின்றது.
முகடு இரண்டு பக்கத்துக்கும் ஒன்று.
அதைப் பாதி போட்டால் மழைக்கு வாசல்.
லொறிக்காரனும்
பாதித் தகரத்துக்குப் பாதி றோட்டு ஓட மாட்டான்.

ஆகவே பாதி, பாதியில்லை.
இரண்டு லட்சத்து நாலாயிரத்து முந்நூறு.
இருப்பதைக் கழித்தால்
முப்பத்திரண்டாயிரத்து எண்ணூறு குறைகிறது.

அது எனக்குத் தெரிந்த தொகை.
விடிய ஐந்தரைக்கு கார்மெண்ட்ஸ் பஸ் ஏறி,
யாரோ போடப்போகும் சேட்டுக்கு
நாள் முழுக்கக் கொலர் தைத்து,
ஓவர்டைமும் நின்றால்
ஒரு மாசத்துக்கு வருவது.
சாப்பிடாமல், பஸ்ஸுக்குக் கொடுக்காமல்,
லக்சிகாவை ரியூசனுக்கு விடாமல்
ஒரு மாசம் இருக்கலாம் என்றால்.

நாலு மாசமாகப் பிரித்தேன்.
மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி.
சித்திரையில் வருசப்பிறப்பு.
சித்திரையை வெட்டி ஆனியை எழுதினேன்.

லக்சிகா கொப்பியைத் தேடி வந்து
தாளை வாசித்தாள்.
"கூட்டல் சரி அம்மா" என்றாள்.
வேறொன்றும் சொல்லாமல்
தன் மேசையைச் சுவரோரம்,
அடுத்த போகம்வரை ஒழுகப்போகும் பக்கத்திலிருந்து
இந்தப் பக்கத்துக்கு இழுத்தாள்.

இரவு காற்றெடுத்தது.
குசினிக்கு மேலே ஒரு தகரம்
எழும்பி, விழுந்து, எழும்பி,
டொக், டொக் என்றது.
தவசீலன் புரண்டு படுத்தார்.
எனக்குச் சட்டென்று விளங்கியது.
எழும்பி, போன் வெளிச்சத்தில்
தாளின் அடியில் எழுதினேன்:

ஆணி, வாசரோடு, மூன்று கிலோ.
விலை கேட்க வேணும்.