ஐம்பது ஃபில்ஸுக்கு ஐந்து

மஹ்பூலாவில், மூன்றாம் மாடியில்,
ஆறு கட்டில் அறையில்
பதினொரு வாரம் நான்
யாரோடும் பேசவில்லை.

காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.
சம்பளம் வந்தது. வீட்டில் யாருக்கும் நோவில்லை.
இரவுக் காவல் முடிந்து வந்தால்
ஒரு குபூஸ், ஒரு பெப்சி,
கறுப்புத் திரைக்குப் பின்னே பகல் முழுக்கத் தூக்கம்.
எழுந்தால் இன்னொரு குபூஸ்.

ஐம்பது ஃபில்ஸுக்கு ஐந்து.
இதைவிட மலிவாய்
துக்கம்கூடக் கிடைக்காது என்று
பார்சல் தாளில் எழுதி
நானே கிழித்தேன்.

பீர் முகைதீனை அடித்தது
கடன் தகராறில் அல்ல.
குளித்துவிட்டு வரும்போது
சீழ்க்கையடித்தான். அவ்வளவுதான்.

கிளினிக்கில் மலையாளத்து நர்ஸ்
ரத்தக் கணக்கைப் பார்த்து
"வெயில் காய்கிற ஊரில் இருந்துகொண்டு
வைட்டமின் டி இல்லையே சேட்டா" என்றாள்.
பி-ட்வெல்வும் தரையோடு தரை.
சிரித்துவிட்டேன்.
என் சிரிப்பு எனக்கே
யாரோ கதவைத் தட்டியதுபோல் இருந்தது.

மாத்திரையோடு திரும்பினால்
கட்டில்மேல் மூடிய தட்டு.
மத்தி வறுவல், வெந்தயக்கீரை, இரண்டு முட்டை.
வைத்தவன் உதட்டில்
நான் போடவைத்த தையல் இன்னும் பிரிக்கவில்லை.
"தின்னுட்டு அடிடே,
வெறும் வயித்துல அடிச்சா வலிக்கவே மாட்டேங்குது."

மனசு சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள்.
சில வெள்ளிக்கிழமைகளில் இன்னும்
சுவரைப் பார்த்தே கிடக்கிறேன்.
அவன் சீழ்க்கையும் இன்னும்
எந்த ராகத்திலும் சேரவில்லை.

நேற்று மீன் வாங்க நான் போனேன்.
விலை பேசினேன்.
திரும்பும் வழியெல்லாம்
பையிலிருந்து சொட்டிய ஐஸ் தண்ணீர்
முழங்காலில் சில்லென்று பட்டது.
தெரிந்தது.