நாற்பத்தோராவது ஓட்டம்

ஆறாயிரம் ஆண்டு ஓட
இன்றிரவு பதினோரு மணி நேரம்.
தோப்புத்துறையில் ஒரு மாடி அறை.
மடிக்கணினிக்கு அடியில் ஈரத்துண்டு.
மின்விசிறி எனக்கில்லை, அதற்கு.

கட்டம் ஒன்று இருநூறு மீட்டர்.
அதற்குள்
ஒரு பள்ளிக்கூடம், பாதி உப்பளம்,
ஜொகரா பீவியின் வீடு, வீட்டுக்கு மேலே நான்:
எல்லாம் சேர்ந்து ஒரே எண்,
கடல்மட்டத்துக்கு மேல் ஒன்று புள்ளி நான்கு.

முதலில் கடல் உள்ளே வந்தது
வாடகை பேசாமல்.
பிறகு காவிரி மணலைக் கொட்டக் கொட்ட
ஒரு மேடு, அதன் முதுகில் சேறு, இன்னொரு மேடு.
பின்வாங்கியபோதெல்லாம் கடல்
வரப்பு போட்டுவிட்டே போயிருக்கிறது.

முப்பத்தொன்பதில் ஆறு வடக்கே ஓடிவிட்டது.
நாற்பதில் மணல் முழுக்க ஆழத்துக்குப் போனது.
அலையின் கோணத்தை ஏழு பாகை திருப்பினேன்.
கோடியக்கரை சரியாக முளைத்தது.
சிறிது நேரம் நான் தூங்கினேன்.

காலையில் மாசிலாமணியின் துளைக்குழாயில்
ஐந்தாம் மீட்டரில் கறுப்புக் களி.
களிக்குள் ஒரு மட்டி,
இரண்டு ஓடும் மூடியபடி.
உருண்டு வந்த மட்டி பிளந்திருக்கும்.
இது இருந்த இடத்திலேயே செத்தது,
அலையே இல்லாத தண்ணீரில்.
என் திரையில் அதே இடம்
மஞ்சளாக, மணல்மேடாக,
கொஞ்சமும் வெட்கமின்றி.

கரண்ட் பில்லோடு வந்த ஜொகரா பீவி
குழாயை எட்டிப் பார்த்தாள்.
"இதுவா? கிணறு வெட்டயில
வாளி வாளியா வந்துச்சே.
தெருப் பள்ளத்துல கொட்டி நெரவுனோம்.
அது சரி, கிணத்துத் தண்ணி
எப்ப முழுசா உப்பாகும்னு சொல்லுமா ஒங்க பெட்டி?"

"நடந்ததை மட்டும்தான் சொல்லும்."

"அதையும் தப்பாத்தான் சொல்லுது போல."

மூன்று வாரமாக அந்தத் தெருவில்தான்
டீக்கு நடந்து போகிறேன்.
செருப்புக்கடியில் நொறுங்கியதைக்
கிளிஞ்சல் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

நாற்பத்திரண்டு.
மேட்டை அழித்துக் காயல் வைத்தேன்.
மணல் வரத்து, கடைசி நூறு ஆண்டு:
அந்தக் கட்டம் மட்டும் காலியாகத் துடித்தது.
அணைகளுக்குக் கீழே, மணல் லாரிகளுக்குப் பிறகு
மிச்சம் எவ்வளவு?
சுழியம் போட மனமில்லை.
சுழியத்துக்குப் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டேன்.

ஓடுகிறது.
கரை இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது,
அந்த நூறு ஆண்டு வரவில்லை.

மட்டியை நான் திறக்கவில்லை.
ஆய்வகத்துக்கு அது
மூடியபடியே போகவேண்டும்.