செவ்வாய்க்கிழமை ஆட்டம்

இரண்டாம் பாகம் இழுவை என்கிறாள் தில்லோஷ்னி,
பன்னி சௌவின் மூடியைக் கிள்ளியபடி.
கரும்பாலை வேலைநிறுத்தத்துக்கு
யாராவது டேப் டான்ஸ் ஆடுவார்களா?
ஆடினால் என்ன, என்கிறான் பூபாலன்.
நான்காம் முறை பார்க்கிறான்,
கடன் அட்டையில்.

டர்பன் கடற்காற்று
காரின் மேல் கிடக்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டுகிறது.
அவளுக்கு மேல்ஸ்தாயி எட்டவில்லை;
எட்டியது, மைக்தான் விழுங்கிவிட்டது;
கூரையில் மழை;
மழையா, அது கைதட்டல்.
குழம்பு முழங்கைவரை ஒழுகுகிறது.

எனக்கு நாடகம் பிடிக்கவேயில்லை.
ஆனாலும் வெட்டுக்காரன் மனைவி
சம்பளச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
பாடினாளே,
அப்போது மூக்கு அடைத்துக்கொண்டது.
இவர்களிடம் சொல்வதாயில்லை.

கார்களைப் பார்த்துக்கொள்ளும் ம்லுங்கிசி
மஞ்சள் மேலாடையோடு வந்து நிற்கிறார்.
பதினொரு இரவுகள். ஒரு காட்சியும் பார்த்ததில்லை,
பக்கவாட்டுக் கதவு வழியே கேட்டதோடு சரி.
"செவ்வாய்க்கிழமை நன்றாயிருந்தது" என்கிறார்.
"இன்று டிரம்காரன் அவசரப்பட்டான்.
வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போல."

பூபாலன் வாயைத் திறந்து
ரொட்டியால் அடைத்துக்கொள்கிறான்.
பைக்குள் சில்லறை துழாவும் தில்லோஷ்னி
தலை நிமிராமல் கேட்கிறாள்:
செவ்வாய்க்கிழமை
அந்த மேல்ஸ்தாயி
எட்டியதா?